ஹான்வெல் ஸ்டேஷன்ல இருந்து ஆஸ்டர்லி மாளிகை வரைக்கும் ஒரு நடை, அதுக்குப் பின்னாடி இருக்கற கதை

மேற்கு லண்டன்ல நாங்க ஒரு பதினஞ்சு பேர், வாட்ஸ்அப்ல பேசி வச்சுக்கிட்டு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்கயாவது நடந்துட்டு வருவோம். அதுல அடிக்கடி திரும்பத் திரும்ப போற வழி ஒண்ணு இருக்கு, ஹான்வெல் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு பார்க் வழியா, ஆத்தோரமா, கால்வாய் ஓரமா போய் ஆஸ்டர்லி மாளிகையில முடியும், சுத்தி வளைச்சு ஏழு கிலோமீட்டர் வரும், சின்னப் பசங்க கூட வந்துருவாங்க. வர்றவங்க எல்லாரும் நல்லா இருந்துச்சு, அமைதியா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அது சரிதான். ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு விஷயம் சொல்லணும்னு இருக்கு. இந்த ஏழு கிலோமீட்டர்ல முக்கால்வாசி தூரம் நடக்கறவங்களுக்காக போட்ட வழியே இல்ல. ரயிலுக்குன்னு கட்டினது ஒண்ணு, குதிரைக்குன்னு வெட்டினது ஒண்ணு, மனுஷங்களை உள்ள வச்சுப் பூட்டறதுக்கு எழுப்பின சுவர் ஒண்ணு, ஒரு பேங்கர் குடும்பம் வண்டியில போய் வர்றதுக்கு வேலி போட்ட தோட்டம் ஒண்ணு. இதெல்லாம் எப்படி நம்ம கால் படற இடமா ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு நடந்தா அந்த நடையே வேற மாதிரி இருக்கும், அதுக்காகத்தான் இது.

ஹான்வெல் ஸ்டேஷன் இப்போ எலிசபெத் லைன்ல இருக்கு, 2022 மே மாசத்துல இருந்து, அதனால மத்திய லண்டன்ல இருந்து வர்றது ரொம்ப சுலபமாயிடுச்சு. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்து சர்ச்ஃபீல்ட்ஸ் பார்க்குக்குள்ள நுழைஞ்சா அஞ்சு நிமிஷத்துல வீடு, கார் சத்தம் எல்லாம் பின்னாடி போயிடும். அந்தப் பக்கம் செயின்ட் மேரீஸ் சர்ச், 1840-களோட தொடக்கத்துல ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டினது, அவர்தான் பின்னாடி செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன் முன்னாடி இருக்கற அந்தப் பெரிய ஹோட்டலையும் கட்டினவர். சர்ச்சைத் தாண்டினா பிரென்ட் லாட்ஜ் பார்க், அப்படிச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது, பன்னி பார்க்னு சொல்லணும், குட்டி ஜூ ஒண்ணு இருக்கு, செடி வச்சு வளர்த்த புதிர்ப்பாதை ஒண்ணு இருக்கு. குழந்தைங்க வந்திருந்தா இங்கயே அரை மணி நேரம் போயிடும், அதைக் கணக்குல வச்சுக்கிட்டுதான் கிளம்பணும்.

அங்கிருந்து தெற்குப் பக்கம் திரும்பினதும் கண்ணு முன்னாடி வார்ன்கிளிஃப் ரயில்வே பாலம் வந்து நிக்கும். எட்டு வளைவு, முழுக்க செங்கல், 270 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். பிரென்ட் ஆறு என்னவோ சின்ன ஓடை மாதிரிதான் ஓடுது, ஆனா அந்தப் பள்ளத்தாக்கு அகலமா இருக்கு, ரயில் ஏறி இறங்காம ஒரே சமமா போகணும்னா இவ்வளவு பெரிய பாலம் வேணும். எஞ்சினியர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக கட்டின முதல் பெரிய வேலைகள்ல இது ஒண்ணு, 1837-ல முடிஞ்சு அடுத்த வருஷம் ரயில் ஓட ஆரம்பிச்சுது. தூண் எல்லாம் உள்ள காலி, அதுக்குள்ள வௌவால் குடியிருக்கு. தெற்குப் பக்கம் நடுவுல பார்த்தா ஒரு குடும்பச் சின்னம் கல்லுல செதுக்கி இருக்கும், அது வார்ன்கிளிஃப் பிரபுவோடது. இந்த ரயில்வேக்கு அனுமதி கொடுக்கற சட்டம் பார்லிமென்ட்ல போனப்போ மேல்சபை கமிட்டிக்குத் தலைவரா இருந்தவர் அவர்தான், அந்த நன்றிக்கு கம்பெனி பாலத்துக்கு அவர் பேரையே வச்சிடுச்சு. நிலத்துக்காரங்க நிறைய பேர் அந்த ரயிலை எதிர்த்தாங்க, சட்டம் ஒரு தடவை தோத்து அடுத்த தடவைதான் ஜெயிச்சுது, அதனால அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போது இந்த ரயில் எவ்வளவு வாக்குவாதத்துல பிறந்ததுன்னு ஞாபகம் வரும்.

இந்தப் பாலத்து மேலதான் 1839-ல உலகத்துலயே முதல்ல வியாபார ரீதியா ஓடின மின்சாரத் தந்தி லைன்கள்ல ஒண்ணு போச்சு, பாடிங்டன்ல இருந்து வெஸ்ட் டிரேட்டன் வரைக்கும், குக், வீட்ஸ்டோன்னு ரெண்டு பேர் செஞ்சது. கீழ நின்னு மேல பார்த்துக்கிட்டே போனைக் கையில வச்சிருக்கற பசங்ககிட்ட இதைச் சொன்னா கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்க்கறாங்க.

பாலத்துக்கு அடியில தாண்டி வந்தா அக்ஸ்பிரிட்ஜ் ரோடு, 207 பஸ் போற ரோடு, சவுத்தால், ஈலிங், அக்டன் எல்லாத்தையும் கோத்துக்கிட்டு போறது. ரோட்டுக்கு அடியில ஆத்தோரமாவே குனிஞ்சு போற மாதிரி ஒரு வழி இருக்கு, தண்ணி ஏறியிருந்தா மட்டும் மேல ஏறி ரோட்டைக் கடக்கணும். எங்க கூட வர்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் முதல் தடவை அந்த வழியில நின்னு சொன்னது எனக்கு மறக்கவே இல்ல, "இருபது வருசமா இந்த ரோட்டால பஸ்ஸில போய் வாறன் தம்பி, கீழ இப்பிடி ஒரு ஆறு ஓடுறது இண்டைக்குத்தான் தெரியும்". அவங்க குடும்பம் மேற்கு ஈலிங் சேப்பல் ரோட்டுல இருக்கற கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்கு வாராவாரம் போறவங்க, அந்தக் கோயில் இங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல. ஆனா அந்த ஆத்தோரம் அவங்க வாழ்க்கைக்குள்ள வரவே இல்ல. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படித்தான், வீடு, வேலை, கோயில், கடை, சொந்தக்காரங்க வீடு, நடுவுல இருக்கறது எல்லாம் பஸ் ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. கூட்டமா நடக்கறதோட பெரிய பிரயோஜனம் இதுதான்னு நான் நினைக்கறேன், தனியா போகத் தயங்கற வழியில நாலு பேர் கூட இருந்தா தைரியமா இறங்கிடுவாங்க, முக்கியமா பெண்கள், வயசானவங்க.

இந்த ஊர்ல கூட்டமா நடக்கறதுக்குன்னே ஒரு பழக்கவழக்கம் இருக்கு. முன்னாடி ஒருத்தர் வழி காட்டுவார், கடைசியா ஒருத்தர் யாரையும் விட்டுட்டு வராம பார்த்துக்கிட்டு வருவார், பேக் மார்க்கர்னு சொல்லுவாங்க, வழி திரும்பற எல்லா இடத்துலயும் கடைசி ஆள் கண்ணுல படற வரைக்கும் முன்னாடி இருக்கறவர் நிக்கணும். சாதாரண விஷயம் மாதிரிதான் தெரியும், ஆனா இதுக்குப் பின்னாடி பெரிய சண்டை இருக்கு. 1932 ஏப்ரல்ல டெர்பிஷயர்ல கிண்டர் ஸ்கவுட்ங்கற மலையில நூத்துக்கணக்கான பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து தொழிலாளிங்க, வேட்டைக்காக வேலி போட்டு வச்சிருந்த நிலத்துல வேணும்னே கூட்டமா ஏறிப் போனாங்க, அஞ்சு பேரை ஜெயில்ல போட்டாங்க. 1935-ல நடக்கறவங்களுக்கான ராம்ப்ளர்ஸ் சங்கம் ஆரம்பிச்சுது, 1949-ல தேசியப் பூங்காக்கள், கிராமப்புற அணுகல் சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு கவுன்சிலும் மக்கள் நடக்கற உரிமை இருக்கற பாதை எல்லாத்தையும் மேப்ல குறிச்சே ஆகணும்னு அந்தச் சட்டம்தான் சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை பதினஞ்சு பேர் சேர்ந்து நடக்கறதுங்கறது இந்த நாட்டுல ஓசியில வந்த பழக்கம் இல்ல. நாம இப்போ போற வழியில முதல் பகுதி கேப்பிட்டல் ரிங்கோட ஒரு துண்டு, லண்டனைச் சுத்தி 126 கிலோமீட்டர் போற நடைபாதை அது, 15 பகுதியா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் பக்கத்துல ஆரம்பிச்சு இன்னொரு ஸ்டேஷன் பக்கத்துல முடியற மாதிரி. பெரும்பாலும் புதுசா பாதை போடாம ஏற்கனவே இருந்த பார்க், ஆத்தோரம், சந்து, கால்வாய்க் கரை எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு அம்புக்குறி நட்டு வச்சாங்க, அவ்வளவுதான், ஆனா அதுக்கே பல வருஷம் ஆச்சு.

ரோட்டைத் தாண்டி ஆத்தோரமா கொஞ்ச தூரம் சேறும் மரநிழலுமா போனா பிரென்ட் ஆறு கிராண்ட் யூனியன் கால்வாயோட கலக்கற இடம் வரும். இதுக்குக் கீழ ஆத்தையே ஆழமாக்கி கால்வாயா மாத்தி தேம்ஸ் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க, இதுக்கு மேல மேடு ஏறறதுக்கு ஆறு உதவாதுன்னு தனியா வெட்டினாங்க. அந்த ஏத்தம்தான் ஹான்வெல் லாக்ஸ், வரிசையா ஆறு லாக், சுமார் 16 மீட்டர் உயரம். இந்த நடையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன்.

லாக்னா தண்ணியால ஆன படிக்கட்டுன்னு வச்சுக்கோங்க. படகு கீழ இருந்து ஒரு செங்கல் தொட்டிக்குள்ள நுழையும், பின்னாடி கதவைச் சாத்திடுவாங்க, அப்புறம் மேல் கதவுல இருக்கற சின்ன மதகை ஒரு கைப்பிடி போட்டுச் சுத்தித் திறந்தா மேல இருக்கற தண்ணி உள்ள வரும், படகு தானா தூக்கிக்கிட்டு மேல வரும், ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணானதும் மேல் கதவு லேசா திறந்துக்கும், படகு வெளிய போயிடும். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. கதவு ரெண்டும் நேரா சாத்தாது, தண்ணி வர்ற பக்கத்தைப் பார்த்து கூம்பா சேரும், அதனால தண்ணி எவ்வளவு தள்ளுதோ அவ்வளவுக்கு இறுக்கமா மூடிக்கும், தண்ணியோட பலத்தை வச்சே தண்ணியைப் பூட்டி வைக்கறாங்க. கதவைத் தள்ளறதுக்கு நீளமான மரக்கட்டை நீட்டிக்கிட்டு இருக்கும், அதைத் தள்ளும்போது கால் வழுக்காம இருக்க தரையில வளைவா செங்கல் வரி புடைச்சுக்கிட்டு இருக்கும், கவனிச்சுப் பாருங்க. படகுக்காரங்க ஆறு லாக்கையும் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நீங்க போற நேரம் யாராவது ஏறிக்கிட்டு இருந்தா கேட்டுட்டு ஒரு கை கொடுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சேர்த்துக்குவாங்க. பசங்களுக்கு பாடப்புத்தகத்துல படிக்கற தண்ணி அழுத்தம் அந்த ஒரு தள்ளுல புரிஞ்சிடும்.

இந்தக் கால்வாயோட பழைய பேர் கிராண்ட் ஜங்ஷன். 1793-ல பார்லிமென்ட் சட்டம், வில்லியம் ஜெஸ்ஸப் எஞ்சினியர், அடுத்த வருஷமே தேம்ஸ் பக்கத்து பிரென்ட்ஃபோர்ட்ல இருந்து அக்ஸ்பிரிட்ஜ் வரைக்கும் இந்தப் பகுதி திறந்தாச்சு, நார்தாம்ப்டன்ஷயர் பிரான்ஸ்டன் வரைக்கும் முழுசா ஆகறதுக்கு 1805 ஆச்சு, நடுவுல பிளிஸ்வொர்த் சுரங்கம்தான் அவ்வளவு நாள் இழுத்துடுச்சு. அதுக்கு முன்னாடி பர்மிங்ஹாம் பக்கத்துச் சரக்கு தண்ணி வழியா லண்டன் வரணும்னா ஆக்ஸ்ஃபோர்டைச் சுத்தி தேம்ஸ்ல இறங்கி வரணும், இது அந்தத் தூரத்துல 60 மைல் மிச்சம் பண்ணிச்சு. அந்தக் காலத்து ரோட்டுல ஒரு குதிரை ரெண்டு டன் இழுத்தாலே அதிகம், அதே குதிரை தண்ணியில மிதக்கற படகுல 25 டன், 30 டன்னு இழுக்கும். நிலக்கரி, செங்கல், தானியம் எல்லாம் இப்படித்தான் லண்டனுக்கு வந்துச்சு. நாம நடக்கற அந்தக் கரை, டோபாத்னு சொல்றது, அந்தக் குதிரை நடந்த வழி. பாலத்து மூலைகள்ல இரும்பு பட்டையில ஆழமா கீறல் கீறலா இருந்தா அது கயிறு உரசினது, எத்தனை குதிரை, எத்தனை வருஷம் இழுத்திருந்தா கயிறு இரும்பை அறுக்கும்னு தொட்டுப் பார்த்தா தெரியும்.

அந்தக் காலத்துல டோபாத்ல கால் வைக்கறதுக்கு ஊர் ஜனங்களுக்கு உரிமை கிடையாது, அது கால்வாய்க் கம்பெனி சொத்து. ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கிச்சு, அப்புறம் லாரி, 1948-ல கால்வாய் எல்லாம் அரசுடைமை ஆச்சு, 1962-63 குளிர்காலத்துல வாரக்கணக்குல தண்ணி உறைஞ்சு படகு எல்லாம் அப்படியே நின்னுபோக, மிச்சம் இருந்த சரக்கு வியாபாரமும் பெரும்பாலும் அதோட போச்சு. 1968 போக்குவரத்துச் சட்டம்தான் கால்வாய் எல்லாம் இனிமே பொழுதுபோக்குக்கும் பயன்படலாம்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட இடம். அதாவது இந்தக் கரை நமக்குக் கிடைச்சதுக்குக் காரணம் ஒரு தொழில் செத்துப்போனது, அந்தத் தொழில்ல படகையே வீடா வச்சுக்கிட்டு தலைமுறை தலைமுறையா வாழ்ந்த குடும்பங்க கரையேறி சிதறிப் போனது, இதை நினைக்காம அந்த அமைதியை மட்டும் ரசிச்சுட்டுப் போக எனக்கு மனசு வர்றதில்ல. இன்னைக்கும் பல இடத்துல டோபாத் சட்டப்படி பொது நடைபாதை கிடையாது, 2012-ல இருந்து இதைப் பார்த்துக்கற கால்வாய் ஆறு அறக்கட்டளை நம்மளை நடக்க விட்டிருக்கு, அவ்வளவுதான்.

லாக்குகளை ஏறும்போது வலது கைப்பக்கம் உயரமா நீளமா ஒரு பழைய செங்கல் சுவர் கூடவே வரும். அதுதான் ஹான்வெல் அசைலம், மிடில்செக்ஸ் கவுன்டிக்காக 1831-ல திறந்த மனநோய் மருத்துவமனை, பின்னாடி செயின்ட் பெர்னார்ட்ஸ் ஆச்சு. சுவர்ல ஒரு இடத்துல வளைவு ஒண்ணு இருந்து அடைச்ச தடம் தெரியும், அந்த வழியா படகு உள்ள போய் நிலக்கரியை இறக்கிட்டு தோட்டத்துல விளைஞ்சதை ஏத்திக்கிட்டு வரும். அந்தத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க நோயாளிங்கதான், முதல் தலைமை டாக்டர் வில்லியம் எல்லிஸ் வேலையே மருந்துன்னு நம்பினவர். 1839-ல ஜான் கோனொலி வந்தார், வந்ததும் சங்கிலி, கைக்கட்டு, கட்டிப்போடற நாற்காலி எல்லாத்தையும் நிறுத்தினார், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில கட்டாமலே நோயாளியைப் பார்த்துக்க முடியும்னு காட்டினார், அது மத்த ஊருக்கும் பரவிச்சு. அவருக்கு முன்னாடி லிங்கன்ல சின்ன ஆஸ்பத்திரியில இதைச் செஞ்சு பார்த்திருந்தாங்க, ஆனா நூத்துக்கணக்குல நோயாளி இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு இது ஒத்து வராதுன்னு சொன்னவங்க வாயை அடைச்சது ஹான்வெல்தான். சுவருக்குக் கீழ தண்ணியோரத்துல சாய்வா ஒரு இறக்கம் இருக்கும், ரயில் சத்தத்துல மிரண்டு கால்வாய்க்குள்ள விழுந்த குதிரை நீந்தி வந்து ஏறிக்கறதுக்குப் போட்டது.

மேல போனதும் த்ரீ பிரிட்ஜஸ். பேரு மூணு, ஆனா நிஜத்துல ரெண்டு பாலம்தான், ரயில் அடியில பள்ளத்துல போகுது, அதுக்கு மேல இரும்புத் தொட்டியில கால்வாய் போகுது, அதுக்கும் மேல ரோடு போகுது, மூணும் ஒரே இடத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்குது. இதுவும் புரூனெல்தான், 1859-ல முடிஞ்சுது, அவர் இறந்ததும் அதே வருஷம். பிரென்ட்ஃபோர்ட் துறைமுகத்துக்குப் போட்ட ரயில் அது. அவரோட முதல் பெரிய பாலங்கள்ல ஒண்ணையும் கடைசி வேலையையும் ஒரு மணி நேர நடைக்குள்ள பார்த்துடலாம், எஞ்சினியரிங் படிச்சவங்க யாராவது கூட வந்தா இங்க இருந்து அவங்களைக் கிளப்பறது கஷ்டம்.

விண்ட்மில் லேன் வழியா தெற்கே இறங்கினா கொஞ்ச தூரத்துல எம்4 நெடுஞ்சாலை, அதுக்கு மேல ஏறிக் கடக்கணும், இந்தப் பகுதியில பெரிசா ரசிக்க ஒண்ணும் இல்ல, ரோட்டோரமா ஒழுங்கா வரிசையா போங்க. ஆனா கீழ ஓடற கார்களைப் பார்க்கும்போது ஒண்ணு தெரிஞ்சுக்கணும், 1965-ல இந்த ரோட்டை ஆஸ்டர்லி பார்க்கை ரெண்டா அறுத்துத்தான் போட்டாங்க. அந்த இரைச்சலும் ஹீத்ரோவுக்கு இறங்கற விமானச் சத்தமும் கடைசி வரைக்கும் கூட வரும்.

பார்க்குக்குள்ள நுழைஞ்சு ஏரியைச் சுத்தி வந்தா மாளிகை தெரியும். சிவப்புச் செங்கல், சதுரம், நாலு மூலையிலயும் கோபுரம், நடுவுல கிரேக்கக் கோயில் மாதிரி உயரமான வெள்ளைத் தூண், அகலமான படிக்கட்டு. பார்க்கறதுக்கே ரெண்டு காலம் ஒட்டி இருக்கற மாதிரி இருக்கும், அது உண்மையும்தான். 1570-கள்ல தாமஸ் கிரெஷாம் கட்டினது பழைய வீடு, லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சை நிறுவின வியாபாரி, எலிசபெத் ராணியே இங்க வந்து தங்கியிருக்காங்க. அவருக்குப் பிறகு பல கை மாறி, லண்டன் தீ விபத்துக்கு அப்புறம் வீடு கட்டி வித்துப் பெரிய ஆளான நிக்கோலஸ் பார்போன் கைக்கு வந்துச்சு, அவர் இதை அடமானம் வச்சார், கடன் அடையல, 1713 வாக்குல வீடு கடன் கொடுத்த பேங்கர் ஃபிரான்சிஸ் சைல்ட் குடும்பத்துக்குப் போச்சு. 1761-ல இருந்து அந்தக் குடும்பத்துப் பேரன்மார்தான் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமை வச்சு இருபது வருஷம் வீட்டையே மாத்திக் கட்டினாங்க. ஆடம் பழைய செங்கலை இடிக்கல, மூலைக் கோபுரத்தை விட்டு வச்சார், முற்றத்தோட ஒரு பக்கத்தை மட்டும் திறந்து தூண் வச்சார். உள்ள போனா கூரையில என்ன கோலம் இருக்கோ அதே கோலம் கம்பளத்துல இருக்கும், கதவுப்பிடி வரைக்கும் அவரே வரைஞ்சது. கோபலின்னு சொல்ற, படம் நெய்த பிரெஞ்சு திரைச்சீலை மாட்டின அறை ஒண்ணு, 40 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கூடம், குவிமாடம் வச்ச கட்டில் ஒண்ணு. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1773-ல வந்து பார்த்துட்டு அரண்மனைகளுக்கெல்லாம் அரண்மனைன்னு எழுதி வச்சார்.

நம்ம ஆளுங்க இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்காம போயிடக் கூடாது. சைல்ட் குடும்பம் பேங்கர் மட்டும் இல்ல. ஃபிரான்சிஸோட மகன் ராபர்ட் சைல்ட் கிழக்கிந்தியக் கம்பெனியில டைரக்டரா, தலைவரா இருந்தவர், அவரோட தம்பி, அப்பா பேரே வச்ச ஃபிரான்சிஸும் டைரக்டர். கம்பெனிக்கு அப்போ முக்கியமான சரக்கே துணிதான், அதுல ஒரு பங்கு சோழமண்டலக் கரையில நம்ம நெசவாளிங்க நெய்து சாயம் போட்டது. அந்தத் துணி இங்கிலாந்துல இருந்த நெசவுக்காரங்க பொழப்பையே ஆட்டிச்சு, அதனால பார்லிமென்ட் 1700-லயும் 1721-லயும் சாயத்துணிக்குத் தடை போட்டுச்சு, அப்பவும் கம்பெனி வேற நாட்டுக்கு விக்கறேன்னு வாங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. 1734-ல சென்னைல கவர்னர் மார்ட்டன் பிட் கம்பெனிக்கு நெய்யறவங்களைக் குடியேத்தறதுக்குன்னே ஒரு பேட்டையை உண்டாக்கினார், சின்னத் தறிப் பேட்டை, இன்னைக்கு சிந்தாதிரிப்பேட்டைன்னு நாம சொல்றது. லண்டன்ல எந்தத் துணி, எத்தனை உருப்படின்னு டைரக்டருங்க முடிவு பண்ணி கடிதம் எழுதுவாங்க, அது கப்பல்ல மாசக்கணக்குல வந்து அந்தத் தறியில போய் நிக்கும். அந்தப் பணம்தான் இந்தச் சுவர்ல இருக்குன்னு ஒரே கோடு போட்டுச் சொல்லிட முடியாது, பேங்க் வருமானமும் நில வருமானமும் எல்லாம் கலந்ததுதான் குடும்பத்துச் சொத்து. ஆனா கம்பெனி இல்லாம இந்த வீட்டுக் கதையைச் சொல்லவும் முடியாது.

வீட்டுக்குள்ள சீனாவுல செஞ்ச அரக்குப் பூச்சு மரச்சாமானும் பீங்கானும் சைல்ட் குடும்பச் சின்னம் போட்டே இருக்கு, ஆர்டர் கொடுத்துச் செய்ய வச்சது. சீன அரக்கு வேலையில செதுக்கி வண்ணம் ஏத்தின வகைக்கு ஐரோப்பாவுல என்ன பேர் தெரியுமா, கோரமண்டல் லாக்கர். செஞ்சது சீனாவுல, ஆனா கப்பல் நம்ம கரையில நின்னு சரக்கு மாத்திக்கிட்டு போனதால சோழமண்டலத்துப் பேர் அதுக்கு ஒட்டிக்கிச்சு. இதை ஒரு தடவை கூட்டத்துல சொன்னப்போ காரைக்கால்காரர் ஒருத்தர் அதுக்கப்புறம் வீட்டை விட்டு வெளிய வரவே மனசில்லாம ஒவ்வொரு சாமானா பார்த்துக்கிட்டு நின்னார்.

வீடு ஊருக்கு வந்த கதைக்கு ஒரு கல்யாணமும் காரணம். 1782-ல, ஆடமை வச்சு வீட்டை மாத்தின பேரன் ராபர்ட் சைல்டோட ஒரே பொண்ணு சாரா ஆன், வெஸ்ட்மோர்லண்ட் பிரபு கூட ஸ்காட்லாந்து கிரெட்னா கிரீனுக்கு ஓடிப் போய் கல்யாணம் பண்ணிக்கிச்சு, அப்பா சில மாசத்துலயே செத்துட்டார், அதுக்குள்ள உயிலை மாத்தி எழுதிட்டார். சொத்து வெஸ்ட்மோர்லண்ட் பிரபு பட்டத்துக்கு வர்ற வாரிசுக்குப் போகக் கூடாதுன்னு, அது கடைசியில பேத்திக்குப் போச்சு. அந்தப் பேத்தி சாரா சோஃபியா ஜெர்சி பிரபுவைக் கட்டினாங்க, 1806-ல இருந்து 1867-ல சாகற வரைக்கும் ஃபிளீட் ஸ்ட்ரீட் சைல்ட் பேங்கோட மூத்த பங்குதாரரா இருந்தாங்க, அறுபது வருஷம், ஒரு பெண், அந்தக் காலத்துல. அப்படித்தான் வீடு ஜெர்சி குடும்பத்துக்கு வந்துச்சு. ஒன்பதாவது ஜெர்சி பிரபு 1939-ல முதல் தடவையா ஜனங்களை உள்ள விட்டார். அதே வருஷம் போர் வந்துச்சு, 1940 கோடையில இந்தத் தோட்டத்துலயே ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல சண்டை போட்டுட்டு வந்த டாம் வின்ட்ரிங்ஹாம், ஊர்க்காவலுக்குச் சேர்ந்த ஹோம் கார்டு ஆளுங்களுக்கு கெரில்லா சண்டை சொல்லிக் கொடுத்தார். 1949-ல வீட்டையும் பார்க்கையும் நேஷனல் டிரஸ்டுக்கே கொடுத்துட்டாங்க. 1895-ல ஆரம்பிச்ச டிரஸ்ட் முதல்ல திறந்தவெளி நிலத்தைக் காப்பாத்தத்தான் வந்துச்சு, சொத்துக்காரர் செத்தா வாரிசு கட்டற சாவு வரி ஏற ஏற பெரிய வீட்டுக்காரங்க சமாளிக்க முடியாம போனப்போ, 1937-ல ஒரு சட்டம் வந்து வரி இல்லாம வீட்டை டிரஸ்டுக்குக் கொடுக்கலாம்னு ஆச்சு, அதுக்கப்புறம்தான் மாளிகை மாளிகையா சேர்ந்துச்சு. 2020-ல டிரஸ்ட் தன்கிட்ட இருக்கற 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடயும் காலனி ஆட்சியோடயும் இருக்கற தொடர்பைத் தொகுத்து வெளியிட்டப்போ இந்த நாட்டுல பெரிய சண்டை வந்துச்சு. அதை வெளியிட்டது சரியான வேலைன்னு நான் உறுதியா நினைக்கறேன், ஏன்னா அந்த வீட்டுக்குள்ள நிக்கற என்னை மாதிரி ஆளுக்கு அது வெறும் இங்கிலீஷ்காரன் வீட்டுக் கதை இல்ல.

போறவங்களுக்கு சில விஷயம். பார்க்குக்குள்ள போக காசு வேண்டாம், வீட்டுக்கும் பூந்தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு, வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துட்டுக் கிளம்புங்க. டீக்கடை பழைய குதிரை லாயத்துல இருக்கு, ஆடமுக்கு முந்தின டியூடர் காலத்துக் கட்டடம், வெயில் நாள்ல முற்றத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு, கொண்டு போன சாப்பாட்டைப் பிரிக்க புல்வெளிக்குப் போயிடுவோம். மழை பெஞ்சு ரெண்டு நாள் ஆகலைன்னா ஆத்தோரம் வழுக்கும், நல்ல ஷூ போடுங்க, தள்ளுவண்டி கொண்டு வர்றவங்க அந்தத் துண்டை மட்டும் ரோட்டு வழியா வந்து லாக்ஸ்ல சேர்ந்துக்கலாம். டோபாத்ல சைக்கிள் வரும், பசங்களைத் தண்ணிக்கு எதிர்ப்பக்கம் நடக்க வைங்க. திரும்பறதுக்கு தெற்கு வாசல் வழியா வெளிய வந்து ஆஸ்டர்லி ஸ்டேஷனுக்கு கால் மணி நேரம், பிக்காடில்லி லைன், 1934-ல கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன் பாணியில கட்டினது, கோபுரம் தூரத்துலயே தெரியும். அடுத்த நடை பிரென்ட்ஃபோர்ட்ல இருந்து சயான் மாளிகைக்கு, அதுவும் ஆடம் கை வச்ச வீடுதான், இந்தக் கால்வாய் தேம்ஸ்ல இறங்கற இடத்துல ஆரம்பிக்கப் போறோம்.